ஏத்தங்காய் சீவுற மிசினுக்கு எந்த ஹெச்எஸ் கோட் (கஸ்டம்ஸ்ல சரக்க வகை பிரிக்கிற நம்பர்) போடணும்? 8509ஆ, 8438ஆ?

வள்ளியூர் சிப்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். வள்ளியூர்ல சின்னதா ஒரு சிப்ஸ் கடை வச்சிருக்கேன், ஏத்தங்காய் (நேந்திர வாழக்காய்)தான் மெயின், காய் களக்காட்டுல இருந்து வருது. இத்தன வருசமா எண்ணெய்ச்சட்டிக்கு மேலயே பிளேடு வச்ச சீவுற கட்டைய பிடிச்சு கொதிக்க எண்ணெயில நேரா சீவி விடுததுதான் பழக்கம். போன மாசம் எங்க மாஸ்டருக்கு கட்டைவிரல்ல பிளேடு ஏறி நாலு தையல், மனுசன் ரெண்டு வாரம் வேலைக்கு வரல, அவரு வீட்டுல போய் நின்னப்ப அவரு பொண்டாட்டி மொகத்த என்னால பாக்க முடியல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனி நம்ம கடையில கையால சீவ வேண்டாம்னு.

சைனாவுல ஒரு சப்ளையர்கிட்ட பேசியிருக்கேன், தூத்துக்குடி வழியா எடுக்கலாம்னு ஐஇசி (இறக்குமதி, ஏற்றுமதிக்கு உள்ள நம்பர்) வாங்கியாச்சு. அவரு அனுப்புன புரோபார்மாவுல (சரக்கு ஏத்துறதுக்கு முன்ன அனுப்புற மாதிரி இன்வாய்ஸ்) நாலு ஐட்டம். மேசையில முறுக்கி மாட்டி கைப்பிடிய சுத்துற ஸ்லைசர் ஆறு, ஒவ்வொண்ணும் 4 கிலோ, அது அக்கம்பக்கத்து கடைக்காரங்களும் கேட்டாங்க. வீட்டு உபயோகத்துக்கு உள்ள சின்ன கரண்ட் ஸ்லைசர் ரெண்டு, 3 கிலோ. அப்புறம் பெரிய ஸ்டீல் மிசின் ஒண்ணு, 18 கிலோ, மேல காய போட்டுக்கிட்டே இருந்தா கீழ சீவி வந்துக்கிட்டே இருக்கும், மணிக்கு 200 கிலோ ஓட்டலாம்னு கேட்லாக்ல போட்டிருக்கு. கூட ஸ்பேர் பிளேடு பத்து.

நாலுக்கும் சேத்து 8509ன்னு, வீட்டு கரண்ட் மிசினுக்கு உள்ள கோட, ஒரே கோடா போட்டுட்டாரு. 20 கிலோவுக்கு கீழ இருந்தா எல்லாமே 8509தான், பயப்படாம போடுன்னு ஒரு கூட்டாளி சொல்லுதான். இன்னொருத்தர் நீ யாவாரத்துக்குத்தான வாங்குத, அப்போ எல்லாமே தொழில் மிசினுக்கு உள்ள 8438ன்னு அடிச்சு சொல்லுதாரு. யாரு சொல்லுதது சரி? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேட்டை பாத்திரம்:

தம்பி, சப்ளையர் போட்ட கோட அப்படியே போட்டு விடுங்க, அவன் தினமும் நூறு பெட்டி அனுப்புதான், அவனுக்கு தெரியாதா. நாங்க அப்படித்தான் எடுக்கோம், இதுவரைக்கும் ஒண்ணும் கேக்கல.

முத்துநகர் கிளியரிங்:

பேட்டை அண்ணாச்சி தப்பா எடுத்துக்காதீங்க, இந்த யோசனைய மட்டும் கேக்க வேண்டாம். சப்ளையர் போடுதது அவங்க ஊரு ஏற்றுமதிக்கு. முதல் ஆறு இலக்கம் உலகம் பூரா ஒண்ணுதான், ஆனா இங்க இறக்கும்போது சரியான கோட சொல்ல வேண்டியது இறக்குமதி பண்ணுதவரோட பொறுப்பு, கஸ்டம்ஸ் சட்டம் 17ஆம் பிரிவுல 2011ல இருந்தே சுய மதிப்பீடுதான். பெட்டி வெளிய வந்துட்டா முடிஞ்சுதுன்னும் கிடையாது, வரி கொறைவா கட்டியிருந்தா ரெண்டு வருசம் வரைக்கும் நோட்டீஸ் வரலாம், வேணும்னே மறைச்சதுன்னு ஆச்சுன்னா அஞ்சு வருசம்.

வள்ளியூர் தம்பி, உங்க கூட்டாளி சொன்னதும் பாதி சரி, மத்தவரு சொன்னதும் பாதி சரி. முதல்ல கைமிசின். கைப்பிடி, பல்சக்கரம் மாதிரி ஒரு மெக்கானிசம் இருந்து, கையால ஓடி, எடை 10 கிலோவுக்குள்ள இருந்தா அது 8210. கரண்டே இல்லாதத 8509ல போட வழியே இல்ல, அந்த தலைப்புக்குள்ள (நாலு இலக்க கோடத்தான் தலைப்புன்னு சொல்லுவாங்க) வரணும்னா மோட்டார் உள்ளயே இருக்கணும். நீங்க இப்ப கையில பிடிச்சு சீவுற கட்டை இருக்கே, அதுல எந்த மெக்கானிசமும் கிடையாது, அதனால அது 8210லயும் வராது, 8205ல வீட்டுக் கைக்கருவி பக்கம் போயிரும்.

3 கிலோ கரண்ட் ஸ்லைசர் 8509 80. அதுல சிக்கல் இல்ல.

சிக்கலே 18 கிலோ மிசின்லதான், இத கொஞ்சம் பொறுமையா படிங்க. 85ஆம் சாப்டரோட முன்குறிப்புல 8509க்கு வீட்டு உபயோகத்துக்குன்னு பொதுவா உள்ள வகை மிசின் மட்டும்தான் வரும்னு போட்டிருக்கு. அதுக்குள்ள கிரைண்டர், மிக்சி, ஜூசர், தரை பாலிஷ் போடுத மிசின் இதுக்கெல்லாம் எடை எவ்வளவு இருந்தாலும் பரவாயில்ல, நம்ம வீட்டு மாவு கிரைண்டர் எவ்வளவு கனமா இருந்தாலும் 8509 40தான். ஸ்லைசர் அந்த பட்டியல்ல இல்ல, அதனால அதுக்கு 20 கிலோ வரம்பு. நிறைய பேரு இந்த 20 கிலோவ மட்டும் பிடிச்சுக்கிடுதாங்க. வீட்டு வகையா இல்லையான்னு முதல்ல பாக்கணும், எடை அதுக்கு அப்புறம்தான். மணிக்கு 200 கிலோ வாழக்காய எந்த வீட்டுல சீவுவாங்க? மிசினே தொழிலுக்குன்னு செஞ்சது, அதனால 18 கிலோவா இருந்தாலும் அது 8438 60, பழம் காய்கறி கொட்டை வகைக்கான தொழில் மிசின்.

அதே மாதிரி நீங்க கடையில வச்சு ஓட்டுதீங்கங்கறதால மட்டும் வீட்டு ஸ்லைசர் தொழில் மிசின் ஆயிராது. யாரு வாங்குதாங்கன்னு பாக்க மாட்டாங்க, எதுக்குன்னு செஞ்சிருக்கான்னுதான் பாப்பாங்க. மோட்டார் பவர், விடாம ஓடுமா இல்ல அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா நிறுத்தணுமா, கேட்லாக்ல என்ன போட்டிருக்கான், இதெல்லாம்தான் கணக்கு.

தனியா வர்ற பிளேடு 8208 30. ஆக இன்வாய்ஸ்ல நாலு வரி, நாலு கோட். சப்ளையர்கிட்ட சொல்லி மாத்தி வாங்குங்க, ஏத்துறதுக்கு முன்னாடியே.

மேலப்பாளையம் கறிக்கடை:

கிளியரிங் அண்ணாச்சி சொன்ன எடை விசயத்துல நான் பட்டத சொல்லுதேன். மூணு வருசம் முன்ன கறி மெல்லிசா வெட்ட வீட்டு மாடல் கரண்ட் ஸ்லைசர் ஒண்ணு எடுத்தேன். மிசின் 17 கிலோ, மரப்பெட்டியோட 24 கிலோ, பேக்கிங் லிஸ்ட்ல 24 மட்டும்தான் போட்டு வந்துச்சு. 20 தாண்டிருச்சேன்னு கேள்வி வந்து, மிசினோட நிகர எடைக்கு சப்ளையர்கிட்ட இருந்து பேப்பர் வாங்கி கொடுக்கறதுக்குள்ள ஒம்பது நாள் பெட்டி கெடந்துச்சு, அந்த வாடகை பூரா என் கையில இருந்து போச்சு. மிசின் தனியா எத்தன கிலோ, கழட்டுற சாமான் தனியா எத்தன கிலோ, பெட்டி எத்தன கிலோன்னு பிரிச்சு போடச் சொல்லுங்க தம்பி.

ஒரு சந்தேகம், இப்ப கடைக்கு பெரிய மிசின் பாக்கேன், 35 கிலோ, உறைஞ்ச கறி வெட்டுறது. அதுவும் 8438 60தானா?

முத்துநகர் கிளியரிங்:

இல்ல பாய், தலைப்பு அதே 8438, ஆனா கறி, கோழிக்கு உள்ளது 8438 50. கழட்டி மாட்டுற உதிரி சாமான் எடைய 20 கிலோ கணக்குல சேக்கக் கூடாதுன்னு குறிப்புலயே இருக்கு, நீங்க அன்னைக்கு அத எடுத்துக் காட்டியிருக்கலாம்.

வள்ளியூர் சிப்ஸ்:

அண்ணாச்சி ரொம்ப நன்றி, இவ்வளவு தெளிவா யாரும் சொல்லல. வரி எப்படி கணக்கு பண்ணுதாங்க? இன்வாய்ஸ் தொகைக்கு மேலயா? நான் ஜிஎஸ்டில காம்போசிசன்ல (சின்ன யாவாரிகளுக்கு உள்ள சுருக்கமான வரித் திட்டம்) இருக்கேன்.

ஜங்ஷன் கணக்கு:

தம்பி, இத அக்கா சொல்லுதேன். இன்வாய்ஸ் தொகை மட்டும் இல்ல, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேத்து வர்ற மதிப்புக்குத்தான் வரி, டாலர் ரேட்டும் பேங்க் ரேட்டு கிடையாது, கஸ்டம்ஸ் அறிவிக்கிற ரேட்டு. கணக்கு புரியறதுக்கு மட்டும் அந்த மதிப்பு 1,00,000 ரூவா, அடிப்படை வரி 10%, ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கு போடுற ஜிஎஸ்டி) 18%ன்னு வச்சுக்கோங்க. அடிப்படை வரி 10,000. அந்த 10,000க்கு 10% சமூக நல சர்சார்ஜ், 1,000. இப்ப 1,11,000 ஆச்சா, இதுக்கு 18% ஐஜிஎஸ்டி 19,980. மொத்தம் 30,980. உங்க நாலு கோடுக்கும் உள்ள நெஜ சதவீதத்த பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸ்ல கொடுக்கிற இறக்குமதி பாரம்) போடுத அன்னைக்கு பாத்துக்கோங்க, பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும்.

சாதாரண ஜிஎஸ்டில உள்ளவங்க அந்த 19,980அ கிரெடிட்டா எடுத்துக்கிடலாம், அதாவது அவங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்கிடலாம். காம்போசிசன்ல உள்ளவங்களுக்கு கிரெடிட் கிடையாது, மொத்த 30,980உம் உங்க செலவுதான். மிசின் வெலைய பேசும்போதே அத சேத்து யோசிங்க. அக்கம்பக்கத்து கடைக்கும் சேத்து எடுக்கேன்னு சொன்னீங்களே, அந்த ஆறு கைமிசினும் உங்க பேர்ல வந்து அப்புறம் அவங்களுக்கு கைமாறுனா அது விற்பனை, அதுக்கும் பில் போடணும்.

வள்ளியூர் சிப்ஸ்:

அக்கா, அத நான் யோசிக்கவே இல்ல. அப்போ கைமிசின் எனக்கு மட்டும் ஒண்ணு போதும், கரண்ட் போற நேரத்துக்கு ஆகும். சப்ளையர்கிட்ட நாலு வரியா பிரிச்சு, நிகர எடையோட இன்வாய்ஸ் கேட்டு இப்பத்தான் மெசேஜ் போட்டேன். பெரிய மிசினோட கேட்லாக்கும் நேம் பிளேட் போட்டோவும் வந்ததும் இங்க போடுதேன்.

முத்துநகர் கிளியரிங்:

போடுங்க தம்பி. பிளேடு ஓடுற வாய்க்கு மூடி இருக்கா, மூடிய தெறந்தா மோட்டார் தானா நிக்குதான்னும் கேட்டுருங்க. கோடுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, உங்க மாஸ்டர் கைக்குத்தான்.