புதுப்பிப்பு: வழிகாட்டிப் புத்தகத்தை வைத்துப் போட்ட குடும்பச் சுற்றுலா

பயண வழிகாட்டிப் புத்தகத்தை மட்டும் நம்பி ஐந்து நாள் சுற்றுலாவுக்குத் திட்டம் போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நல்லபடியாகப் போய் வந்துவிட்டோம். பதிப்பு ஆண்டைப் பார்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி! அச்சாவதற்குப் பல மாதம் முன்பே தகவல் திரட்டிவிடுகிறார்கள். நேரம், கட்டணம் எல்லாம் அதற்குள் மாறிவிடலாம். அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் போன் போட்டுக் கேட்டு, பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பது அப்படித்தான் தெரிந்தது.

வரைபடத்தில் இரண்டு விரல் அகலம்தான் அந்த மலைப்பாதை. கடக்க மூன்று மணி நேரம் ஆனது. தூரத்தைவிட வளைவுகளைத்தான் பார்க்க வேண்டும். மகள் மூலை மடித்து வைத்த பக்கத்தில் இருந்த சின்ன அருவியில் அரை நாள் கழிந்தது. யாருக்குமே கிளம்ப மனமில்லை.