புதுப்பிப்பு: அட்ரீனல் கட்டியை எடுத்து நான்கு மாதங்கள்

முகம் உருண்டு வீங்கியது, மாதவிடாய் நின்றது, தாடையில் முடி முளைத்தது, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போனது, சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லி இரண்டு ஆண்டுகள் மாத்திரை தந்தார்கள் என முன்பு எழுதியிருந்தேன். சிறுநீரகங்களுக்கு மேலே உள்ள அட்ரீனல் சுரப்பிகள் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனின் அளவைப் பாருங்கள் என்று சொன்னவர்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி. நீங்கள் சொன்னதுதான் சரி.

இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, காலை 8 மணிக்கு இரத்தம் கொடுத்தேன். அந்த மாத்திரைக்கு அடங்கி, கார்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். எனக்கு 14. அட்ரீனலைச் சுரக்கச் சொல்லி மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஏ.சி.டி.எச். ஹார்மோன் மிகக் குறைவு. அதாவது, பிட்யூட்டரி கட்டளையிடாமலே அட்ரீனல் தன்னிச்சையாகச் சுரந்துகொண்டிருந்தது. ஸ்கேனில் இடது சிறுநீரகத்துக்கு மேலே 3 செ.மீ. கட்டி. லேப்ராஸ்கோபியில் எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை.

கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வந்தது. இத்தனை காலம் வேலையில்லாமல் கிடந்த வலது அட்ரீனல் இன்னும் விழிக்கவில்லை, கார்டிசாலுக்குப் பதிலாக எடுக்கும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரைதான் என்னை நடமாட வைக்கிறது. முதல் ஆறு வாரங்கள் மூட்டுக்கு மூட்டு வலி. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கட்டிலைவிட்டு எழுந்தேன். கார்டிசால் திடீரென்று குறைந்ததால் வரும் வலியாம். அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் பெண்களே, இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றின் ஊதா வரிகள் வெளுத்து வருகின்றன. சென்ற வாரம் மாதவிடாய் வந்தது. குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அடுத்த மாதம் மீண்டும் கார்டிசால் பரிசோதனை, முடிவு வந்ததும் எழுதுகிறேன்.