தரங்கம்பாடியா, ஃபோர்ட் கொச்சியா? குன்னூர்லருந்து 3 நாள்

கேத்தி மேகம்: அரையாண்டு லீவுல வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான் கிடைக்குது. கார்ல போறோம். கடலும் வேணும், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடமும் வேணும். எது சரி?

லவ்டேல்வாசி: கோத்தகிரி சல்லிவன் பங்களாவைப் பார்த்துச் சலிச்ச கண்ணுக்குத் தரங்கம்பாடிதாங்க. தஞ்சை ரகுநாத நாயக்கர்கிட்ட இடம் வாங்கி 1620ல டேனிஷ்காரன் கட்டின டான்ஸ்போர்க் கோட்டை. 1845ல பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டுப் போயிட்டான். மேல்மாடியில நாலு குவிமாடம் ஒட்டகத் திமில் மாதிரி இருக்கும், நடுவுல ஒரே தூண் பாரம் தாங்குது. அண்ணாந்து பார்க்காம வந்துடாதீங்க. 1718ல ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் கட்டின புது எருசலேம் சர்ச்சுக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். கொச்சி மாதிரி ஆட்டோ பேரமெல்லாம் கிடையாது.

பர்லியார் வளைவு: அண்ணா, தூரத்தைச் சொல்லாம விட்டுட்டீங்களே. தரங்கம்பாடி ஒரு வழிக்கே சுமார் 440 கி.மீ., கொச்சி 260 சொச்சம். அதுவும் டிசம்பர்ல மயிலாடுதுறைக் கரையில ஒரு காற்றழுத்தத் தாழ்வு நின்னா, மூணு நாளும் ரூம்ல உட்கார்ந்து பஜ்ஜிதான். கொச்சிக்குப் பெருமழை ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும். டிசம்பர்ல பெரும்பாலும் காய்ஞ்சிருக்கும்.

கோத்தகிரிக் குளிர்: ரயில்ல போங்களேன். கோவை–மயிலாடுதுறை ஜனசதாப்தி இருக்கு, செவ்வாய் மட்டும் இல்லை.

பர்லியார் வளைவு: காலையில 7 மணியை ஒட்டிக் கிளம்புற வண்டிக்கு, விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே மலையை விட்டு இறங்கணும். திரும்பும்போது ராத்திரி 9க்கு மேல கோவை. குழந்தைகளோட அதுக்கப்புறம் மேட்டுப்பாளையம், பனியில 14 கொண்டை ஊசி வளைவு. வேணாங்க.

லவ்டேல்வாசி: மழைன்னா குன்னூர் ரோட்லயும்தான் மண் சரியுது, கொச்சிக்குப் போறவரும் அதுல இறங்கித்தானே ஆகணும்? சரி, கிழமை பார்த்தீங்களா? மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளி லீவு. யூதர் ஜெபாலயம் சனி லீவு. என்னத்தைப் பார்க்கிறது?

பர்லியார் வளைவு: உங்க டான்ஸ்போர்க் கோட்டை மியூசியமும் வெள்ளி லீவுதான் அண்ணா! வெள்ளி எப்படியும் ரோட்லயே போயிடும். சனி காலை அரண்மனை. 1555ல போர்ச்சுகீசியர் கட்டி ராஜாவுக்குக் கொடுத்தது, பேர் மட்டும் டச்சு அரண்மனை. சாயந்தரம் கரையில சீன மீன்பிடி வலை: கழியில கல்லு கட்டித் தொங்கவிட்டு, அந்தக் கனத்தை வச்சே நாலைஞ்சு பேர் வலையைத் தூக்குறாங்க. ஞாயிறு 10 மணிக்கு ஜெபாலயம் திறந்ததும் நுழைஞ்சிடுங்க. தரையில நீலச் சீன ஓடு, ஒவ்வொன்னும் கையால வரைஞ்சது. அரை மணி போதும். 11க்குக் கிளம்பினா இருட்டுறதுக்குள்ள மேட்டுப்பாளையம்.

ஃபோர்ட் கொச்சிக் கரையில குளிக்காதீங்க. துறைமுக வாய், கப்பல் போற வழி. வெள்ளி சாயந்தரம் நேரத்தோட சேர்ந்தா ரோ-ரோ படகுல காரை ஏத்தி வைப்பின் போய், அங்கருந்து செறாய் பீச் சுமார் 25 கி.மீ.

லவ்டேல்வாசி: குளிக்கிறதுல தரங்கம்பாடியும் தேறாது, அதை ஒத்துக்கிறேன். மாசிலாமணிநாதர் கோயில் முகப்பையே கடல் தின்னுடுச்சு, கருங்கல் கொட்டித்தான் நிறுத்தியிருக்காங்க. ஆனா டிசம்பர் 31 மட்டும் கொச்சிப் பக்கம் போயிடாதீங்க. வருஷக் கடைசி ராத்திரி பாப்பாஞ்சின்னு ஒரு கிழவன் பொம்மையை எரிக்கிற கூட்டத்துல படகுத்துறை வரிசையே நகராது, ரூம் வாடகையும் ஏறிடும்.

கேத்தி மேகம்: அப்போ இந்த லீவுல, 31க்கு முன்னாடியே கொச்சி. தரங்கம்பாடி பிப்ரவரியில, ஒரு நாள் கூட்டி.

கோத்தகிரிக் குளிர்: கிளம்புறதுக்கு முன்ன ஏ.சி.யைப் போட்டுப் பாருங்க. மலையில மாசக்கணக்கா போடாம விட்டா கம்ப்ரசர் சீல் காய்ஞ்சு கேஸ் கசிஞ்சிருக்கும். மலையடிவாரத்துல கல்லாறு தாண்டி வேர்க்கும்போதுதான் அது தெரியவரும்.