மின்சாரம் வந்தது, சர்வர் எழவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

பழைய வண்ணாரப்பேட்டை உறுப்பினர்:
எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடை. இரவு மின்வெட்டில் யுபிஎஸ் பேட்டரி வடிந்து, பில் போடும் சர்வர் அணைந்துவிட்டது. காலையில் சர்வரின் விசிறி சுழல்கிறது, ஆனால் எல்லாக் கவுன்டரிலும் 'இணைப்பு இல்லை'. வாசலில் தீபாவளிக் கூட்டம். "தம்பி, கையால் பில் எழுதத் தெரிந்த ஆளே இப்போது கடையில் இல்லை, சீக்கிரம் வாருங்கள்" என்றார் முதலாளி.

போய்ப் பார்த்தால் விண்டோஸ் பாஸ்வேர்டு கேட்டு நிற்கிறது. நிறுவியவர்கள் மென்பொருளை ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் இருப்பது யாராவது உள்நுழைந்த பிறகுதான் ஓடும். பாஸ்வேர்டு தெரிந்த மேலாளரோ வெளியூரில். அவரைத் தொலைபேசியில் பிடித்துத்தான் திறந்தோம். பாஸ்வேர்டையே எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. கடையின் மொத்தக் கணக்கும் இருக்கும் கணினியை அப்படித் திறந்துபோட என் மனம் ஒப்பாது. மென்பொருளை விண்டோஸ் சர்வீஸாக, அதாவது பின்னணியில் ஓடும் நிரலாகப் பதிந்தால் யாரும் உள்நுழையாமலே எழும். கணக்குகளைச் சேமிக்கும் டேட்டாபேஸுக்குப் பிறகே இது எழ வேண்டும் என்று டிபெண்டன்சியும் கொடுத்தேன். டிலேய்டு ஸ்டார்ட் மட்டும் போதாது. அது வழக்கமாக 2 நிமிடம் தள்ளிப்போடுமே தவிர, டேட்டாபேஸ் எழுந்ததா என்று பார்க்காது.

திருவொற்றியூர் உறுப்பினர்:
எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் சர்வரில் விண்டோஸ் இல்லை, உபுண்டு லினக்ஸ். அதில் மென்பொருள்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி-யில், தானாகத் தொடங்கும்படி 'எனேபிள்' கொடுத்தும் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் சர்வர் மென்பொருள் நின்றுவிடும். கையால் தொடங்கினால் ஒழுங்காக ஓடும். மாதக்கணக்கில் யாருக்கும் பிடிபடவில்லை. 'ஜர்னல்சிடிஎல் -பி' கட்டளை காட்டும் பூட் பதிவைப் படித்தபோதுதான் தெரிந்தது: நெட்வொர்க் கார்டுக்கு ஐபி முகவரி வருவதற்கு முன்பே சர்வர் எழுந்து, அந்த முகவரி இல்லை என்று நின்றுபோகிறது. சர்வரை எப்படித் தொடங்குவது என்று சிஸ்டம்டி-க்குச் சொல்லும் யூனிட் கோப்பில், நெட்வொர்க் தயாரான நிலையைக் குறிக்கும் நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டை 'ஆஃப்டர்', 'வான்ட்ஸ்' இரண்டு வரியிலும் எழுத வேண்டும். 'ஆஃப்டர்' வரிசையை மட்டும்தான் சொல்லும், டார்கெட்டை அழைத்து வராது; அதற்குத்தான் 'வான்ட்ஸ்'. கூடவே, பிழையால் நின்றால் மீண்டும் தொடங்கும்படி 'ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்', 5 நொடி இடைவெளி. அதன் பிறகு தொல்லை இல்லை.

பெரம்பூர் உறுப்பினர்:
இருவரும் சொன்னது கணினி இயங்கத் தொடங்கிய பிறகு நடப்பது. கணினியே இயங்காவிட்டால்? மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும்படி, கணினியை முதலில் எழுப்பும் நிரலான பயாஸில் ஓர் அமைப்பு உண்டு. பல கணினிகளில் அது அணைந்தே வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன பிறகு, நான் பார்த்துக்கொள்ளும் இடங்களிலெல்லாம் முதலில் மாற்றியது இதைத்தான்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பேட்டரி குறைந்ததும் யுபிஎஸ் மென்பொருள் கணினியை முறையாக அணைத்துவிடும். பேட்டரி முழுதாக வடிவதற்குள் மின்சாரம் வந்துவிட்டால், கணினியைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. பயாஸ் அதை எழுப்பாது. ஆகவே கணினி அணைந்ததும் யுபிஎஸ் தன் வெளியீட்டையும் துண்டிக்கும்படி மென்பொருளில் அமைத்துவிடுங்கள். பின்பு ஓர் இரவு, பேக்கப் எடுத்துவிட்டு, யுபிஎஸ்ஸின் சுவர் பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். வெறும் ரீஸ்டார்ட்டில் இது எதுவும் தெரியவராது.