மாதுளைத் தோல் சாறு + ஃபெரிக் குளோரைடு: சாயத்தண்ணீர் தெளியாமல் கறுத்துப்போகிறது, உதவி தேவை

நொய்யல்கரை:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். மாதுளைத் தோலைக் காயவைத்து அரைத்து, கொதிக்கவிட்டு வடிகட்டிய சாற்றை ஃபெரிக் குளோரைடில் விட்டேன். கன்னங்கரேல் என்று ஆனது. இரும்பு நானோ துகள் வந்துவிட்டது என்று குறித்துக்கொண்டேன். அதோடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் மெத்திலீன் புளூ (நீலச் சாயம்) நன்றாக வெளுக்கிறது. ஆனால் திருப்பூர் சாயப்பட்டறைத் தண்ணீரில் (சிவப்பு) போட்டால் கறுத்துவிடுகிறது. 664 நானோமீட்டர் ஒளியில் ரீடிங் (ஒளி உறிஞ்சல்) குறையாமல் ஏறுகிறது. ரிவ்யூ நெருங்குகிறது, யாராவது சொல்லுங்களேன்.

டையிங் மாஸ்டர்:
ஏனுங்க தம்பி, பி.எச். பார்த்தீங்களா? காட்டனுக்கு ரியாக்டிவ் சாயம் ஏத்தறப்போ சோடா ஆஷ் போடுவோம், அது காரம். லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலயும் உப்பு போகும்.

நொய்யல்கரை:
10.4 அண்ணா. அப்படியேதான் போட்டேன்.

குடுவை:
அங்கேதான் சிக்கல். ஃபென்டன் வினைக்கு (இரும்பும் பெராக்சைடும் சேர்ந்து சாயத்தைச் சிதைப்பது) பி.எச். 3 பக்கம் இருக்க வேண்டும். 10-ல் இரும்பு ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும், பெராக்சைடு வீணாக ஆக்சிஜனாகப் பிரியும், டானினும் (தோலிலுள்ள துவர்ப்புப் பொருள்) தானே பழுப்பாகும்.

இன்னொன்று, கறுப்பு வந்ததை வைத்து நானோ என்று எழுதாதீர்கள். டானினும் இரும்பும் சேர்ந்தாலே கறுப்புதான். கலம்காரியில் கறுப்புக் கோடு போடுவதே இப்படித்தான்: கடுக்காய் ஏற்றிய துணியில், வெல்லத்தோடு இரும்பு ஊறிய நீர். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு (XRD, படிக அமைப்பைக் காட்டும் சோதனை) எடுக்காமல் ரிவ்யூவுக்குப் போனால் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

664 மெத்திலீன் புளூ அதிகம் ஒளி உறிஞ்சும் உச்சம். சிவப்புக்கு அங்கே என்ன வேலை? 400 முதல் 700 வரை முழு ஸ்கேன் எடுங்கள். சாயமே இல்லாத தண்ணீரில் சாறு மட்டும் விட்டு, ஒப்பிட ஒரு பிளாங்க். சி.ஓ.டி.யும் (நீரிலுள்ள கரிமக் கழிவின் அளவுகோல்) பாருங்கள், சாறே அதை ஏற்றிவிடும்.

டையிங் மாஸ்டர்:
கலர் போனா மட்டும் பத்தாதுங்க. 2011-ல கோர்ட் உத்தரவுல பட்டறைகளை மூடினப்பவே ஜீரோ டிஸ்சார்ஜ்தான் (கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாம இருக்கறது) பேச்சு. கரைஞ்ச உப்பைப் பழத்தோல் எடுக்காது, அதுக்கு ஆர்.ஓ.வும் தண்ணியை ஆவியாக்கற எவாப்பரேட்டரும்தான். அதை ரிப்போர்ட்ல ஒரு வரி போட்டுருங்க.

நொய்யல்கரை:
சரி அண்ணா. சாறு எடுத்த சக்கையைப் பயன்படுத்தலாமா?

குடுவை:
தாராளமாக. கழுவுகிற தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை அலசிக் காயவையுங்கள். தோலின் கார்பாக்சில் தொகுதிகள் காரத்தில் எதிர்மின்னூட்டம் பெறும். ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னூட்டம்தான், ஒட்டாது. மெத்திலீன் புளூ நேர்மின்னூட்டம், அதனால் பற்றிக்கொள்ளும். சிவப்புக்கு பி.எச். 2–3க்கு இறக்கிப் பாருங்கள். ரீடிங் எடுக்குமுன் சென்ட்ரிஃபியூஜ் செய்து (வேகமாகச் சுழற்றி) தூளைப் பிரித்துவிடுங்கள், தூள் மிதந்தாலும் ரீடிங் ஏறும்.