கறுப்பு செடானுக்கு வீட்டிலேயே செராமிக் கோட்டிங்: போர் தண்ணீர், சென்னை வெயில்

கேள்வி: கறுப்புசெடான்

வணக்கம் நண்பர்களே. வண்டிக்கு 2 வயசு, பகல் முழுக்க வெயில்லதான் நிக்கும். கழுவுறது போர் தண்ணீர், டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்பு அளவு) மீட்டர் 1100 காட்டுது. பானெட் முழுக்க வெள்ளை வட்டம், வெயில்ல பார்த்தா சிலந்தி வலை மாதிரி கீறல். 30 மி.லி. செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல இறுகிப் படியுற பாதுகாப்புப் பூச்சு) கிட் வாங்கியிருக்கேன். அளவு போதுமா? பாலிஷ் போட்டே ஆகணுமா? கோட்டிங் போட்டபிறகு இந்த வட்டங்கள் வராதா?

பதில்: பெயின்ட்வைத்தியர்

செடானுக்கு ஒரு கோட் அடிக்க 30 மி.லி. தாராளம். ஆனா கோட்டிங் கண்ணாடி மாதிரி. அடியில இருக்கிற கீறலையும் கறையையும் அப்படியே பூட்டி வைக்கும். அதனால பாலிஷ் கட்டாயம், கறுப்புக்கு இன்னும் கட்டாயம்.

முதல்ல வட்டங்கள். வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து, நிழல்ல, சூடு ஆறின பானெட்ல துணியை நனைச்சு ஒன்றிரண்டு நிமிஷம் ஒத்தி வைங்க, உடனே கழுவிடுங்க. அப்புறமும் தடம் தெரிஞ்சா உப்பு கிளியர் கோட்டை (பெயின்டுக்கு மேல இருக்கிற நிறமில்லாத படலம்) அரிச்சிருக்குன்னு அர்த்தம், அது பாலிஷ்லதான் போகும்.

அடுத்து அயர்ன் ரிமூவர், அதாவது ஒட்டின இரும்புத் தூளைக் கரைக்கிற திரவம். பிரேக் தூள் ஒட்டின இடம் ஊதாவா மாறும். காய விடாம கழுவுங்க. பிறகு கிளே பார் (ஒட்டின அழுக்கை இழுத்தெடுக்கிற களிமண் மாதிரி கட்டி), நிறைய ஷாம்பு தண்ணியோட, அழுத்தாம. கிளே கீழே விழுந்தா தூக்கிப் போட்டுடுங்க, அதுல ஒட்டின மணல் ஒண்ணு போதும் புதுக் கீறலுக்கு.

பாலிஷுக்கு சுத்திக்கிட்டே அசையுற டூயல் ஆக்‌ஷன் மெஷின், மென்மையான ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ். 2 அடிக்கு 2 அடி இடத்துல சோதிச்சுப் பார்த்துட்டு மத்ததுக்குப் போங்க. கிளியர் கோட் மொத்தமே பெரும்பாலும் 40–50 மைக்ரான்தான், கதவு விளிம்புகள்ல இன்னும் மெல்லிசு. விளிம்புக்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க. ஆழமான கீறல் ஒண்ணு ரெண்டு மிச்சமிருந்தா இருக்கட்டும், அதைத் துரத்திப் பெயின்டைத் தேய்ச்சுத் தீர்க்காதீங்க.

கடைசியா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துடைப்பு, பாலிஷ் எண்ணெய் துளியும் இருக்கக் கூடாது. சானிடைசரை வெச்சு சமாளிக்க வேண்டாம், அதுல கிளிசரின் இருக்கும்.

பதில்: நிழல்ஷெட்

மேலே சொன்னதோட, அடிக்கிற நேரம் முக்கியம். கோட்டிங் காத்துல இருக்கிற ஈரப்பதத்தோட சேர்ந்துதான் இறுகும். பாட்டில்ல துடைக்கிறதுக்கு முன்னாடி 2–3 நிமிஷம்னு போட்டிருந்தாலும் நம்ம ஊர் புழுக்கத்துல 30 நொடி, 1 நிமிஷத்துலயே இறுக ஆரம்பிச்சிடும். மே மாசம் வேண்டாம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள்ள, விடியக்காலை, மூடின பார்க்கிங்ல.

ஸ்வேட் (மென்மையான மயிர்ப்பரப்பு) துணி சுத்தின பிளாக்ல 8–10 சொட்டு கோட்டிங். 2 அடி சதுரத்துக்கு மேல எடுக்காதீங்க. நெடுக்க ஒரு தடவை, குறுக்க ஒரு தடவை. வானவில் நிறம் படர்ந்ததும் குட்டை இழை மைக்ரோஃபைபரால துடைச்சு, இன்னொரு புதுத் துணியால மறுபடி துடைங்க. ஸ்வேட் துணியை ரெண்டு பேனலுக்கு ஒருமுறை மாத்துங்க, காய்ஞ்ச கோட்டிங் கல்லு மாதிரி கீறும். அந்தத் துணிகள் துவைச்சாலும் பெயின்டுக்கு ஆகாது.

24 மணி நேரம் தண்ணி படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது.

கறுப்புசெடான்

போட்டாச்சு, நன்றி. டிக்கி மேல மட்டும் எண்ணெய் தடவின மாதிரி ஒரு கருந்திட்டு. முடிச்சு ஒரு மணி நேரம்தான் ஆகுது.

பதில்: நிழல்ஷெட்

சரியா துடைபடாம மேடா நின்ன இடம் அது. இப்பவே அதே கோட்டிங்கை 2 சொட்டு அதன்மேல தடவுங்க, அடியில இருக்கிறது இளகும், உடனே துடைச்சு எடுங்க. நாளைக்குன்னா அந்த இடத்தை பாலிஷ் பண்ணித் திரும்ப அடிக்கணும்.

பதில்: ரெண்டுபக்கெட்

வட்டங்கள் வராதான்னு கேட்டிருந்தீங்க. வரும். தண்ணி முத்து முத்தா நிக்கிறது அழகுதான், ஆனா அதே முத்து வெயில்ல காய்ஞ்சா கால்சியமும் மெக்னீசியமும் அங்கேயே தங்கிடும். 1100 டிடிஎஸ்ல கழுவிட்டுத் தானா காய விடவே கூடாது.

வழி இருக்கு. போர் தண்ணியிலயே கழுவுங்க, ஒரு பக்கெட் ஷாம்புக்கு, ஒரு பக்கெட் கையுறை அலசுறதுக்கு. கடைசி அலசலுக்கு மட்டும் 5–6 லிட்டர் ஆர்ஓ தண்ணி, தோட்ட ஸ்பிரேயர்ல. ஆர்ஓ வெளியே தள்ளுற கழிவுத் தண்ணி வேண்டாம், உப்பு அதுலதான் சேரும். ஏசியிலிருந்து சொட்டுற தண்ணியில உப்பு ரொம்பக் குறைவு, மெல்லிசு துணியில வடிகட்டினா போதும். உடனே பெரிய டவலை விரிச்சு ஒத்தி எடுங்க.

தினமும் காலையில காஞ்ச துணியால தூசி துடைக்கிற பழக்கம் இருந்தா நிறுத்துங்க. உங்க சிலந்தி வலைக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கோட்டிங் பாட்டில்ல போடுற 9எச் என்பது பென்சில் கடினச் சோதனை அளவு, மணல் துகளுக்கு அது ஈடாகாது.

பறவை எச்சத்துக்கு ஈரத் துணியைப் போட்டு ஊற வெச்சு வழிச்செடுங்க, அன்னைக்கே. சில மாசத்துல முத்து குறைஞ்சா கோட்டிங் போயிடுச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. பாதி நேரம் மேல படிஞ்ச உப்பும் அழுக்கும்தான். வாட்டர் ஸ்பாட் ரிமூவர் போட்டுக் கழுவிப் பாருங்க, முத்து திரும்பலைன்னா மட்டும் டாப்பர் ஸ்பிரே (கோட்டிங் மேல அடிக்கிற புதுப்பிப்பு ஸ்பிரே).