சமூகக் கல்லூரி வழியாக உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் வசிக்கும் நான், உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்க விரும்புகிறேன். செலவைக் குறைப்பதற்காக முதல் இரண்டு ஆண்டுகளைச் சமூகக் கல்லூரியில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) படித்தால், பின்னர் ஆசிரியர் சான்றிதழ் பெறுவதில் சிக்கல் வருமா?

பதில் 1: வராது. சமூகக் கல்லூரியில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 46 டாலர்தான் கட்டணம். ஆனால் அங்கே கிடைக்கும் இரண்டாண்டு அசோசியேட் பட்டம் மட்டும் போதாது. பல்கலைக்கழகத்துக்கு மாறி இளங்கலை முடித்து, 'சிங்கிள் சப்ஜெக்ட்' எனப்படும், குறிப்பிட்ட ஒரு பாடத்துக்கான கற்பித்தல் சான்றிதழும் பெற வேண்டும்.

பதில் 2: கல்வியியலைவிட நுண்கணிதத்தையே முதலில் முடியுங்கள். எந்தப் பாடத்தை எந்த அரசுப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதை 'அசிஸ்ட்' இணையதளம் காட்டும். அதைப் பார்க்காமல் சேர்ந்ததால், நான் ஒரு பாடத்தை இரண்டு முறை படித்தேன்.

கேட்டவர்: மிக்க நன்றி ஐயா. இன்றே பார்க்கிறேன்.